அண்ணன் நடந்த வட்டம்

அத்தியாயம் 17

முட்டைக்கோஸ் நறுக்குகிற சத்தத்தைக் கேட்டே, நறுக்குகிறவர் மனசில் என்ன ஓடுகிறது என்று சூஜென் சொல்லிவிடுவாள். இன்று காலை அவளுடைய கொழுந்தன் தெஷூன் நறுக்கிய விதம் அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

“என்ன தெஷூன், கோஸ் மேல அப்படி என்ன கோவம்? கொழுக்கட்டைக்குப் பூரணம் கேட்டா நீ துவையல் அரைச்சுக் குடுத்துருவ போலிருக்கே.”

“கத்தி மழுங்கிப்போச்சு அண்ணி.”

“நேத்துதான் உங்கண்ணன் தீட்டி வெச்சார். இருபத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு பிரேக் எங்க இருக்குன்னு மறந்துபோச்சா? மெதுவா.”

தெஷூன் மெதுவாக நறுக்கினார். நன்றாக இருக்கிற கத்தி மேல் பழி போட்டாகிவிட்டது. ஐம்பத்தெட்டு வயசில் ஒரு மனுஷனுக்கு இது தேவையா?

போன வாரம் நடந்ததுதான் அவரை இந்தப் பாடு படுத்திக்கொண்டிருந்தது. அண்ணன் மகள் ரூயியின் கோட்டை ஆணியில் மாட்டப் போனவர், உள்பையிலிருந்து நழுவி விழுந்த ஆஸ்பத்திரி உறையைப் பிரித்துப் பார்த்துத் தொலைத்தார். இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறது, எலும்பு தேய ஆரம்பித்திருக்கிறது, நடக்கிற விதத்தை மாற்றாவிட்டால் வருஷத்துக்குள் ஆபரேஷன் என்று எழுதியிருந்தது. முப்பத்தொரு வயசுப் பெண்ணுக்கு. படித்து முடிப்பதற்குள் ரூயியே வந்து நின்றுவிட்டாள். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சித்தப்பாவும் கொடுத்துவிட்டார். வாயை மூடிக்கொண்டிருப்பதாகச் சத்தியம் செய்வதில் அவருக்கு நல்ல அனுபவம் உண்டு.

சாங்ஜோ நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், லுவான் வீடு என்றால் பாகுவா. ஒரு மரத்தைச் சுற்றி வட்டமாக நடந்து நடந்தே உடம்பின் உள்பலத்தை எழுப்பும் உள்ளங்கை வித்தை அது. நாலு தலைமுறையாக அந்த வீட்டு முற்றத்து இலந்தை மரத்தைச் சுற்றி நடந்து நடந்து, தரையில் ஒரு சாண் ஆழத்துக்கு வட்டமாகக் குழியே விழுந்திருந்தது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். கோழிகளுக்குக் கொண்டாட்டம்.

இன்று அந்த வீட்டில் விசேஷம். ஒன்பது புதுச் சீடர்கள் மண்டியிட்டுத் தேநீர் கொடுத்து குருவை ஏற்கப்போகிறார்கள். அதற்கு முன்னால், அண்ணன் தெகுவாங் குலப் பதிவேட்டை மகள் ரூயியிடம் ஒப்படைக்கிறார். இனி லுவான் வீட்டு வித்தைக்கு அவள்தான் பொறுப்பு. அவள் வட்டம் நடப்பதைப் படம் பிடிக்க மாவட்டக் கலாசார அலுவலகத்திலிருந்து கேமராவோடு வருகிறார்கள். அவர்கள் முக்கியமாகக் கேட்டது தாழ்நடையைத்தான்.

மற்ற வீட்டு பாகுவாக்காரர்கள் எல்லாம் தலையில் தண்ணீர்ப் பானை வைத்த மாதிரி ஏறாமல் இறங்காமல் நடப்பார்கள். லுவான் வீட்டில் மட்டும் இடது கால் மண்ணில் பதியும்போது உடம்பு ஒரு கட்டைவிரல் அளவு தாழ்ந்து எழும். முந்நூறு சீடர்கள் அப்படித்தான் நடக்கிறார்கள். மூத்த சீடர் பாங் லியாங், உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் வாத்தியார், அந்தத் தாழ்வில் மூச்சு அடிவயிற்றுக்கு எப்படி இறங்குகிறது என்று அம்புக்குறிகள் போட்டு ஆறு பக்கம் கட்டுரை எழுதியிருக்கிறார். கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

தாழ்நடை எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் உள்ளறையில் புதுச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் கோஸ் நறுக்குகிறார்.

சூஜென் வெளியே பெஞ்சுகளைத் துடைக்கப் போனதும் ரூயி சமையலறைக்குள் வந்தாள். வெள்ளைச் சட்டை, கறுப்புத் துணிச் செருப்பு. கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள்.

“சித்தப்பா, உப்பு வறுத்தாச்சா?”

வறுத்த உப்பைத் துணியில் கட்டித் தயாராக வைத்திருந்தார். அவள் அதை வாங்கி முட்டியில் வைத்து அழுத்திக் கண்ணை மூடினாள். முட்டி வீங்கிப் பளபளத்தது.

“பாப்பா, இன்னைக்கு ஒரு நாள் நடக்க வேணாமே. சளி, காய்ச்சல்னு ஏதாவது சொல்லிக்கலாம்.”

“சளி பிடிச்சா கால் ஏன் நடக்காது? சித்தப்பா, உங்களுக்குப் பொய் சொல்லவே வரல.”

தெஷூன் கோஸைப் பார்த்துக்கொண்டார்.

“எனக்கு முட்டி வலிகூடப் பெருசில்ல” என்றாள் ரூயி. “தப்பு எங்கிட்டதான் இருக்கு. இடுப்பு இன்னும் இளகல, வெயிட் எல்லாம் முட்டிக்கு வந்துருது. அப்பா இத்தன வருஷமா இதே நடை நடக்கிறார், அவருக்கு ஒண்ணும் ஆகலையே?”

“ஆகலைன்னு அவர் சொன்னாரா?”

“என்ன?”

“ஒண்ணுமில்ல. உப்பு ஆறிடுச்சு பாரு, திருப்பி வை.”

அவள் திருப்பி வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“தெஜோ ஊர்லேர்ந்து வந்த அந்தப் பொண்ணு இல்ல? பத்தொன்பது வயசு, புதுசா சேர்ந்தவ. போன மாசம் எங்கிட்ட வந்து இடது முட்டி வலிக்குதுக்கான்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? சோம்பேறின்னு திட்டினேன். எல்லாருக்கும் முன்னாடி. நான் அதே வாரம் ஸ்கேன் எடுத்துட்டு வந்திருக்கேன், பையில கவர் இருக்கு, அவளைப் பார்த்து சோம்பேறிங்கறேன். அவ ஒரு வார்த்த பேசல. மறுபடி போய் வட்டத்துல நின்னா.”

“ரூயி...”

“நான் இன்னைக்குச் சரியா நடந்துட்டா எல்லாம் சரியாயிடும் சித்தப்பா. அப்புறம் அவகிட்டப் போய் மன்னிப்பு கேட்டுக்கறேன்.”

கால்சட்டையை இறக்கிவிட்டு அவள் எழுந்து போனாள். போகும்போது சமையலறை வாசலில் ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

இதற்கு மேல் கத்தியைப் பிடிக்க தெஷூனுக்குக் கை வரவில்லை.

இருபத்தேழு வருஷம் முந்தைய ஒரு காலை. அன்றைக்குத்தான் அவர்களுடைய அப்பா, பதிவேடு மூத்தவனுக்கு என்று சொல்லியிருந்தார். நியாயமான முடிவுதான். தெஷூனுக்கே தெரியும். ஆனால் முப்பத்தொரு வயசு, ரத்தச் சூடு, ஊரெல்லாம் சின்னவன்தான் கெட்டிக்காரன் என்று சொன்ன பேச்சு, எல்லாம் சேர்ந்து உள்ளே எரிந்துகொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் வழக்கம்போல மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்த்து வட்டத்தில் எதிரெதிரே நடந்துகொண்டிருந்தார்கள்.

அப்போது நாலு வயசு ரூயி வாசலில் வந்து நின்று “அப்பா” என்று கூப்பிட்டாள். அண்ணன் கையை இறக்கித் திரும்பிப் பார்த்தார். கை இறங்கினால் கால் நிற்க வேண்டும். இந்த வீட்டில் குழந்தைக்குக் கற்றுத் தரும் முதல் விதி அது. தெஷூனின் கை நின்றது, கால் நிற்கவில்லை. அண்ணனின் இடது முட்டியை உள்பக்கமிருந்து அந்தக் கால் வெட்டியது.

பனியில் வழுக்கிட்டேன் என்று அண்ணன் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். கால் கோணலாகக் கூடியது. அண்ணன் அந்தக் காலோடு நடந்தார், மகள் ஏழு வயசில் பின்னாலேயே நடக்கத் தொடங்கினாள், அப்பாவிடம் படித்தவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போக, புதிதாக வந்த சீடர்கள் இருவர் பின்னாலும் நடந்தார்கள். தெஷூன் பஸ் ஓட்டப் போய்விட்டார். தனக்குத் தானே ஒரு தண்டனை விதித்துக்கொண்டார்: இனிமேல் வட்டத்தில் கால் வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, அடுத்தவர்கள் நடப்பதைப் பார்ப்பதோடு சரி.

அதைத் தண்டனை என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். நல்ல சௌகரியமான தண்டனை.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அண்ணன் அறைக்குப் போனார்.

தெகுவாங் கட்டிலில் உட்கார்ந்து செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார். வலது காலுக்கு ஒரு நொடிதான் ஆனது. இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வலது தொடை மேல் வைத்துத்தான் மாட்ட வேண்டியிருந்தது. தம்பியைப் பார்த்ததும் காலைச் சட்டென்று இறக்கிக்கொண்டார்.

“என்னடா, பூரணத்துல இஞ்சி போட்டியா? போன தடவ மறந்துட்ட.”

“அண்ணே, ஒரு விஷயம் பேசணும். அந்த நடையப் பத்தி.”

தெகுவாங் தலை நிமிரவில்லை. இரண்டாவது செருப்பின் வாரை இழுத்துவிட்டார்.

“இத்தன வருஷமா பேசல, படம் பிடிக்க வர்ற நாள் பார்த்துப் பேசணுமா?”

“அது நடை இல்லண்ணே. நொண்டல்.”

“எங்கிட்டயே சொல்றியா? என் கால் எனக்குத் தெரியாதா? கட்டுரை எழுதினவன் பாங் லியாங். நான் எழுதல.” அவர் லேசாகச் சிரித்தார். “அம்புக்குறி எல்லாம் போட்டிருக்கான். படிச்சா எனக்கே நம்பிக்க வருது.”

“சிரிக்காதீங்கண்ணே. இன்னைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். நான்தான் அடிச்சேன்னு சொல்லிடறேன்.”

சிரிப்பு போய்விட்டது. தெகுவாங் கதவைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார்.

“உக்காரு. உனக்கு ஒண்ணு சொல்றேன், இதுவரைக்கும் சொன்னதில்ல. அப்பா எங்கிட்ட மூணு தடவ கேட்டார், எப்படி விழுந்தேன்னு. அவர் அந்தக் காயத்தப் பார்த்தவர்டா, அவருக்குத் தெரியாதா? மூணாவது தடவ கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயி, கொள்ளுத்தாத்தா பெயர்ப் பலகை முன்னாடி பத்தி ஏத்தச் சொல்லிக் கேட்டார். பனியில வழுக்கினேன்னுதான் சொன்னேன். முன்னோர் முன்னாடி நின்னு சொன்னேன்.”

தெஷூன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தனக்காக அண்ணன் பொய் சொன்னார் என்று தெரியும். எங்கே நின்று சொன்னார் என்பது இன்றுவரை தெரியாது.

“உண்மையச் சொல்லியிருந்தா உன் பேரைப் பதிவேட்டுலேர்ந்து அடிச்சிருப்பார். வீட்டுப் பக்கம் வராதேன்னிருப்பார். எனக்கு இருக்கறது ஒரு தம்பி. கால் ரெண்டு இருக்கு.” தெகுவாங் எழுந்து நின்று சட்டையை நீவிவிட்டார். “அதனால இன்னைக்கு வாயத் திறக்காத. ரூயி முகத்தப் பார்த்தியா? இந்த நாளுக்கு எத்தன வருஷம் காத்திருந்தா, அந்த முகத்துல எவ்வளவு வெளிச்சம். அதக் கெடுத்துடாத. சத்தியம் பண்ணு.”

“அண்ணே, ரூயியோட கால்ல...”

கதவு திறந்தது. பாங் லியாங், மூக்குக் கண்ணாடியோடு, இரண்டு கையிலும் அந்தச் சட்டம் போட்ட கட்டுரையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

“குருவே, கேமராக்காரங்க வந்துட்டாங்க. இத மரத்துக்குப் பின்னாடி தொங்கவிட்டா படத்துல தெரியுங்களா? சின்னவரே, இந்த ஓரத்தக் கொஞ்சம் பிடிங்க, கனமா இருக்கு.”

சின்னவர் பிடித்தார். ரூயிக்குக் கொடுத்த சத்தியம் அண்ணனிடம் வாயைக் கட்டியது, அண்ணன் கேட்ட சத்தியம் ரூயியிடம் வாயைக் கட்டியது. இரண்டு பேரும் நல்லவர்கள், நடுவில் நின்றவர் கோழை. கட்டுரையைத் தூக்கிக்கொண்டு அவர் முற்றத்துக்கு நடந்தார்.

முற்றம் நிரம்பிவிட்டது. நவம்பர் வெயில், கிளையெல்லாம் மொட்டையாகிவிட்ட இலந்தை மரம், சிவப்புத் துணி விரித்த மேஜை. மேஜை மேல் தேநீர்க் கோப்பைகள், பக்கத்தில் பதிவேடு. ரூயியின் பெயர் எழுத வேண்டிய பக்கம் திறந்து, மை தொட்டுத் தூரிகை தயாராக இருந்தது. புதுச் சீடர்கள் ஒன்பது பேரும் சிவப்பு அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கடைசியில் நின்றவள் தெஜோப் பெண். எல்லாப் பாரத்தையும் வலது காலில் போட்டு நிற்கிறாள் என்பதைத் தெஷூன் கவனித்தார். கவனிக்காமல் இருந்திருந்தால் தேவலை.

கேமராப் பெண் கையைத் தூக்கினாள். ரூயி அப்பாவுக்குத் தலை வணங்கிவிட்டு வட்டத்துக்குள் இறங்கினாள்.

நன்றாகத்தான் நடந்தாள். அதைச் சொல்லாவிட்டால் பாவம். தோள் அசையவில்லை, கைகள் மரத்தை நோக்கித் திறந்து மூடின, செருப்பு மண்ணை உரசுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது. ஒவ்வொரு இடது அடியிலும் உடம்பு ஒரு கட்டைவிரல் தாழ்ந்தது. முற்றமே மூச்சு விடாமல் பார்த்தது.

வழக்கமான படிக்கட்டில் உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்த தெஷூன் மட்டும் அவள் உதட்டைப் பார்த்தார். ஒவ்வொரு தாழ்விலும் அவள் கீழுதட்டைப் பல்லால் பிடித்து விட்டாள். முதல் சுற்று. இரண்டாம் சுற்று. மூன்றாவதில் உதட்டில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. படிக்கட்டிலிருந்து இறங்கி, விதைத் தோலை எல்லாம் மடியிலிருந்து உதறிவிட்டு, நேராக வட்டத்துக்குள் போய், மரத்துக்கு அந்தப் பக்கம் ரூயிக்கு எதிரே நின்றார். நடக்கத் தொடங்கினார்.

“சித்தப்பா, என்ன பண்றீங்க?” என்றாள் ரூயி, உதடு அசையாமல்.

“நட. என் காலைப் பார்த்துக்கிட்டே நட.”

இருபத்தேழு வருஷமாகத் தொடாத நடை. முதல் சுற்றில் தடுமாறினார். இரண்டாம் சுற்றில் கால் தானாக வந்துவிட்டது. குதிகால் எழும்பவில்லை, தலை ஏறவில்லை, இறங்கவில்லை. அவருடைய அப்பா நடந்த நடை.

வேடிக்கை என்னவென்றால், பார்த்தவர்கள் எல்லாருக்கும் அது தப்பாகத்தான் தெரிந்தது. பாங் லியாங் பக்கத்தில் இருந்தவரிடம் இரக்கத்தோடு சொன்னது முற்றம் முழுக்கக் கேட்டது.

“சின்னவர் தாழவே மாட்டேங்கறார் பாருங்க. பாவம், பழக்கம் விட்டுப்போச்சு. மறந்துட்டார்.”

“மறக்கல” என்றார் தெஷூன். நின்றார். எதிரே ரூயியும் நின்றாள். “லுவான் வீட்டு நடை இதுதான். எங்கப்பா இப்படித்தான் நடந்தார். எங்கண்ணனும் இப்படித்தான் நடந்தார், நான் அவர் காலை உடைக்கிற வரைக்கும்.”

“தெஷூன்” என்றார் அண்ணன் நாற்காலியிலிருந்து. சத்தம் போடவில்லை. “போதும்.”

“போதாதுண்ணே. அவர் பனியில விழல. கையை இறக்கிட்டுத் திரும்பி நின்னவரை நான் அடிச்சேன். அது தாழ்நடையும் இல்ல, மூச்சும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நொண்டல். அதத்தான் இத்தன பேரும் கத்துக்கிட்டு நடக்கறீங்க. இதோ இவ முட்டியில ஜவ்வு கிழிஞ்சு கிடக்கு. வருஷத்துக்குள்ள ஆபரேஷன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார்.”

ரூயிக்குக் கொடுத்த சத்தியமும் அண்ணன் கேட்ட சத்தியமும் ஒரே மூச்சில் போய்விட்டன. கேமராப் பெண் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல், “பதிவு ஓடிக்கிட்டிருக்கு, நிறுத்தட்டுமா?” என்று கேட்டாள்.

“எந்த முட்டி?” என்றாள் சூஜென். அவளுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. கையிலிருந்த தேநீர்க் கூஜாவோடு அப்படியே மகளிடம் நடந்து வந்தாள். “எந்த முட்டிடி?”

வரிசையின் கடைசியில் தெஜோப் பெண் குனிந்து தன் இடது முட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

ரூயி அம்மாவைத் தாண்டி அப்பாவைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமாப்பா? இது நொண்டல்னு?”

தெகுவாங் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்திருந்தார்.

“தெரியும்.”

“எனக்குச் சொல்லித் தரும்போதும்?”

“வட்டத்துல நடக்கறவன் பின்னால திரும்பிப் பார்க்க மாட்டான்மா. நீ பின்னாடி வந்துக்கிட்டிருந்த. நான் திரும்பிப் பார்த்தப்போ நீ நல்லா நடந்த. அச்சு அசலா நான் நடக்கற மாதிரியே. எல்லாரும் சொன்னாங்க.” அவர் தன் இடது முட்டியைத் தடவினார். “எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. முட்டி வலிக்கும்னு எனக்குத் தோணல. எனக்கு வலிச்சுது, அது உடைஞ்ச காலு. உனக்கு எதுக்கு வலிக்கும்னு நெனச்சேன். என் தப்புதான்.”

“என் தப்புண்ணே” என்றார் தெஷூன். “ரூயி, என்னை என்ன வேணா சொல்லு. அன்னைக்கு நான் அடிச்சது...”

“அத விடுங்க சித்தப்பா.”

அவரை மேலே பேசவிடாமல் ரூயி தலையை ஆட்டினாள்.

“அடிச்சது அவரை. அவர் மன்னிச்சுட்டார், எனக்குத் தெரியுது. அது உங்க ரெண்டு பேர் கணக்கு.” ரூயி படிக்கட்டைப் பார்த்தாள். அங்கே விதைத் தோல் சிதறிக் கிடந்தது. “ஒரு ஞாயித்துக்கிழம தவற மாட்டீங்க. அந்தப் படியில உக்காந்து நான் நடக்கறதப் பார்ப்பீங்க. எனக்குப் பத்து வயசு இருக்கும், ஒரு நாள் கால் நேரா விழுந்துருச்சு, தாழவே இல்ல, தப்பாப் போச்சேன்னு அழுதேன். ஞாபகம் இருக்கா?”

தெஷூனுக்கு ஞாபகம் இருந்தது.

“அப்போ என்ன கூப்பிட்டு, கையில விதை குடுத்து, ‘அழாத பாப்பா, நாளைக்கு உங்கப்பா மாதிரியே நடப்ப’ன்னு சொன்னது யாரு?”

தெஷூன் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

“சொல்லுங்க சித்தப்பா.”

“நான்தான்.”

“அன்னைக்கு என் கால் சரியாத்தானே விழுந்துச்சு?”

“சரியாத்தான் விழுந்துச்சு.”

இருபத்தேழு வருஷமாக அவர் தன்னை எதற்காகத் திட்டிக்கொண்டிருந்தாரோ, அது இல்லை குற்றம். அது ஒரு நொடிக் கோபம், ஒரு உதை. பத்து வயசுக் குழந்தை அழுதுகொண்டே சரியான நடையைக் கண்டுபிடித்த அன்று, கை நிறைய விதை கொடுத்து அதை மறக்கடித்தாரே, அதுதான் குற்றம். அதை அவர் ஒரு நாளும் கணக்கில் வைத்துக்கொண்டதே இல்லை. அன்பாக நடந்துகொண்டதாகத்தான் நினைத்திருந்தார்.

ரூயி மேஜைக்கு வந்தாள். தூரிகையை எடுப்பாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் பதிவேட்டை மூடினாள். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய் அந்த தெஜோப் பெண்ணின் முன்னால் நின்றாள்.

“நீ சோம்பேறி இல்ல. நான்தான் தெரியாம சொன்னேன். இனிமே இப்படி நடக்காத.”

இடுப்பை வளைத்து அவளுக்கு வணங்கினாள். குரு ஆகப்போகிறவள் சீடப் பெண்ணுக்கு வணங்குவதை அந்த முற்றம் பார்த்ததில்லை. அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் சிவப்பு அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு ரூயி யாரையும் பார்க்கவில்லை. கோட்டைக்கூட எடுக்காமல் வாசலை நோக்கி நடந்தாள். சூஜென் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு பின்னாலேயே ஓடினாள்.

தெஷூன் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். வட்டம் இல்லை, கேமரா இல்லை, பார்க்கிறவர்களுக்காக நடக்கவும் இல்லை. நேர் தரையில், வீட்டை விட்டுப் போகிற வழியில், அவளுடைய இடது கால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கட்டைவிரல் தாழ்ந்தது.

அவளுக்கு வேறு நடையே தெரியாது.

பாங் லியாங் கதவைச் சாத்தப் போனார். “சாத்தாத” என்றார் தெகுவாங். நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து நின்றார். தம்பி காலில் விழப் போனதைப் பார்த்துக் கையை நீட்டித் தடுத்தார்.

“எழுந்திரு. அழறதுக்கு உனக்கு நெறைய நாள் இருந்துச்சு. போயி நட.”

“அண்ணே?”

“இத்தன வருஷம் உக்காந்து பார்த்த இல்ல, இனிமே நீ நட, நாங்க பார்க்கறோம். அவ திரும்பி வரும்போது இந்த வட்டத்துல ஒழுங்கா நடக்கறவன் ஒருத்தனாவது இருக்கணும்.” கேமராப் பெண்ணிடம் திரும்பினார். “ஓடட்டும்மா. நிறுத்தாத.”

அவர் மெல்ல நடந்து போய், தம்பி எழுந்து வந்த அந்தப் படிக்கட்டில், விதைத் தோலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

தெஷூன் வட்டத்தில் இறங்கினார். கால்கள் சரியாக விழுந்தன. ஒவ்வொரு சுற்றிலும் மரத்தைத் தாண்டியதும் வாசல் கண்ணில் பட்டது. அது திறந்தே கிடந்தது, தெருவில் யாரும் வரவில்லை.